ஏரிக்குள் போன சைனிக்புரி வீடு

தேவசகாயம் சூரியனைக் கண்ணாடிக்குள் இறக்கினால் அது கைகட்டிக்கொண்டு வந்து நிற்கும் என்பார்கள். என்பார்கள் என்றால், அவரே சொல்வார். லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப் பிட்டரின் மகன். கடலுக்கு முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பிறந்து, முப்பது வருஷம் சரக்குக் கப்பலில் வழி பார்த்தவர்.

இப்போது அவருடைய கப்பல் ஒரு பழைய ஸ்கூட்டர். கண்புரை ஆபரேஷனோடு அதன் சாவி மனைவி கமலாவின் இடுப்புக்குப் போய்விட்டது. இனி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லியாயிற்று. ரயில்வே பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த கமலா இன்னும் சொல்லவில்லை.

"மீன் வாங்க ஆட்டோவுல போற கப்பல்காரனை எங்கயாவது பார்த்திருக்கியா?"

"கேட்டுன்னு நினைச்சுத் தூணுக்குள்ள வண்டி விட்டவரை பார்த்திருக்கேன். நக்கோ, வேணாம்."

"அது பழைய கண்ணு. இன்னைக்கு உச்சி சூரியனை அளந்து நம்ம வீடு எங்க இருக்குன்னு சொல்றேன். சரியா வந்தா சாவி."

"ஹவ், சரி. வராட்டி வண்டியை வித்துடுவேன்."

சங்கராந்திக்கு மறுநாள். மொட்டைமாடியில், கோணம் அளக்கும் கப்பல் கருவியான செக்ஸ்டண்டோடு ஏறினார். கடலில் என்றால் சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே உள்ள கோணத்தை அளந்தால் போதும். சைனிக்புரியில் அடிவானம் ஏது? பக்கத்து வீட்டுத் தண்ணீர் டாங்கிதான். ஆகவே ஒரு தட்டில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்தார். வானத்துச் சூரியனுக்கும் எண்ணெய்ச் சூரியனுக்கும் உள்ள கோணத்தில் சரிபாதி, சூரியனின் உயரம்.

கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தார். சங்கராந்திப் பட்டங்களுக்கு நடுவே சூரியன் ஏறியது, ஏறியது. பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

"பதினேழு டிகிரி, முப்பத்தாறு நிமிஷம் வடக்கு."

கமலா போனில் பார்த்தாள். "இங்க இருபத்தொன்பது நிமிஷம்னு காட்டுது. நீங்க சொல்ற இடம் பதிமூணு கிலோமீட்டர் தள்ளி. ஷாமீர்பேட்டை! வீட்டைக் கொண்டுபோய் ஏரியில தள்ளிட்டீங்க."

அவர் முகம் எண்ணெய்த் தட்டைவிட அசையாமல் இருந்தது. கண்ணை ஒருமுறை தேய்த்தார். பந்தயத்தில் வண்டி போயிற்று.

கமலாவுக்குத்தான் தப்பான கணக்கைத் தாண்டிப் போக முடியாதே. காகிதத்தை வாங்கி வரி வரியாக விரல் வைத்தாள்.

"இந்த ஏழு நிமிஷத்தை எதுக்குக் கழிச்சீங்க?"

"அது வழக்கமா கழிக்கிறது. கப்பல்ல அஞ்சு மாடி உயரத்துல நின்னு பார்த்தா அடிவானம் கீழ இறங்கித் தெரியும்ல?"

"எண்ணெய்க்கு ஏதுங்க அடிவானம்?"

தேவசகாயம் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம், கையே எழுதிவிட்டிருந்தது. சூரியனின் உயரத்தில் அந்த ஏழு நிமிஷத்தைத் திரும்பச் சேர்த்ததும் வீடு ஏரியிலிருந்து எழுந்து, தெற்கே நகர்ந்து சைனிக்புரிக்கே வந்து உட்கார்ந்தது; ஒரு செங்கல்கூட நனையவில்லை.

கமலா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். "கண்ணு சரியாத்தான் இருக்கு. தலைதான் இன்னும் கப்பலை விட்டு இறங்கலை. நான் பின்னாடி உக்காந்து வழி சொல்றேன்."

"கேப்டன் ஏறியாச்சு," என்று வண்டியை உதைத்தார்.

தட்டு எண்ணெய் வீணாகவில்லை. அன்றைய மீன் குழம்புக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை, எண்ணெயில் இருந்த சூரியனே கொதிக்க வைத்தது என்று தேவசகாயம் சொல்லிக்கொண்டு திரிகிறார். கமலா மறுப்பதில்லை; குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது.