ஒத்தைக்குறை

வாங்க வருபவர்கள் பத்து மணி என்று சொல்லியிருந்தால், இவர் ஒன்பதரைக்கே போய் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுவார். பூட்டிக் கிடந்த வீட்டுக் குழாயில் முதலில் காற்று வரும், அப்புறம் துரு வரும், அதற்கப்புறம்தான் தண்ணீர். முதல் இரண்டும் வாங்குகிறவர் கண்ணில் படக் கூடாது. பிறகு ஜன்னல்கள். பிறகு கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீர். எரியாத பல்பு எங்காவது இருந்தால் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டுவார். வந்தவர்கள் போனதும் அதை மறக்காமல் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருடமாக வீட்டுப் புரோக்கர் தொழில் செய்கிறார். அந்தப் பல்பு எத்தனை வீட்டுக்கு வெளிச்சம் காட்டியிருக்கும் என்பதற்கு அவரிடம் கணக்கில்லை.

பேச்சிலும் சில ஒழுங்குகள் உண்டு. இருட்டான அறையை "வெயில் காலத்துல ஃபேனே வேணாம்" என்பார். தெருச் சத்தம் அதிகமென்றால் "தனியா இருக்கோம்னு ஒரு நாளும் தோணாது" என்பார். எவ்வளவு குறுகலாக இருந்தாலும் "சின்ன வீடு" என்று மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். "புருஷன் பொண்டாட்டியா பார்க்க வராங்க, அந்த வார்த்தை எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொரு பழக்கம். வீட்டையெல்லாம் சுற்றிக் காட்டி முடித்ததும், கேட்காமலே ஒரு குறையைச் சொல்வார். குளியலறைத் தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும். பக்கத்து வீட்டு நாய் சாயங்காலம் நாலு மணிக்குக் குரைக்கும். பெரிய குறையாக இருக்காது, ஆனால் பொய்யாகவும் இருக்காது. "ஒரு குறையை நாமளே சொல்லிடணும். அப்பதான் மிச்ச வீட்டை நம்புவாங்க" என்பது அவர் சித்தாந்தம். அதனால் ஊருக்குள் அவர் பெயர் ஒத்தைக்குறை. மாமனார் வீட்டில்கூட அப்படித்தான் சொல்கிறார்கள்.

கமிஷனை அவர் கமிஷன் என்று சொல்வதில்லை, சைடு என்பார். விற்கிற சைடு, வாங்குகிற சைடு. விலையில் நூற்றுக்கு ஒன்று விற்பவர் தர வேண்டும், ஒன்று வாங்குபவர் தர வேண்டும். இரண்டு பக்கமும் தானே பிடித்த ஆள் என்றால் "ரெண்டு சைடும் நம்மது" என்று அன்று முழுக்கச் சீட்டியடிப்பார். நடுவில் இன்னொரு புரோக்கர் ஆள் கூட்டி வந்தால் அவரவர் சைடு அவரவருக்கு. பத்திரம் பதிகிற நாளில்தான் எதுவும் கைக்கு வரும். அதுவரை ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் தன் பாடு. வீடு விற்கவில்லை என்றால் இத்தனை நாள் ஏறி இறங்கிய படிகளுக்கு யாரும் கால் காசு தர மாட்டார்கள்.

இதிலெல்லாம் பெரிய ஆபத்து ஒன்றுதான். விற்பவரும் வாங்குபவரும் தனியாகச் சந்தித்துப் பேசி முடித்துக்கொண்டு புரோக்கரைக் கழற்றிவிட்டுவிடுவது. மூன்று முறை அப்படி மூக்கறுபட்ட பிறகு இவர் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். இரண்டு சைடையும் எதிரெதிரே உட்கார விடுவதில்லை. வாங்குகிறவர் ஹாலில், விற்கிறவர் சமையலறையில். விலை பேசுவதென்றால் இவர்தான் இங்குமங்கும் நடப்பார். யாராவது எட்டிப் பார்த்து "ரொம்ப வெயில் இல்ல?" என்று பேச்செடுத்தால்கூட, "அதுக்குத்தான் நடுவுல நான் இருக்கேன்ல" என்று குறுக்கே வந்து நின்றுவிடுவார்.

இவ்வளவு கெட்டிக்காரருக்குச் சொந்த வீடு கிடையாது. பத்தொன்பது வருடமாக ஒரே வாடகை வீடு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், அதுவும் கை எட்டும் தூரத்தில். அதைக்கூட அவர் சகித்துக்கொண்டிருப்பார். சகிக்க முடியாதது சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். வேலை போய்விட்டுச் சும்மா இருந்த நாளில், ஆறு மாதம் இவர் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து தொழில் பழகியவர். இன்றைக்குக் கண்ணாடிக் கதவு வைத்த ஆபீஸ், அதில் இரண்டு பெண்கள், வாசலில் வெள்ளைக் கார். அடுக்குமாடி கட்டுகிற கம்பெனிக்காரர்களைப் பிடித்துக்கொண்டார். ஒரே கட்டடத்தில் நாற்பது வீடு, ஒரே பேச்சை நாற்பது தடவை பேசினால் போதும். மாமனார் வீட்டு வாசலுக்கு அந்தக் கார் வரும்போதெல்லாம், "சகல, வண்டியைக் கொஞ்சம் நகர்த்திக்கறீங்களா?" என்று கேட்பார். மரியாதையாகத்தான் கேட்பார். ஸ்கூட்டரை நகர்த்தும்போது இவருக்கு வயிறு எரியும். திட்டுவதற்கு அந்த மனிதரிடம் ஒரு கெட்ட குணமாவது இருந்திருக்கலாம். அதுவும் இல்லை என்பது இன்னும் எரிச்சல். பொறாமைதான், வேறொன்றுமில்லை. அது அவருக்கே தெரியும்.

இந்த நிலையில்தான் நர்ஸம்மாவின் வீடு அவர் கைக்கு வந்தது. ஓய்வு பெற்ற நர்ஸ், தனி ஆள். முழங்கால் இரண்டும் போய்விட்டன. மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறார். அக்கா இருக்கும் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார். பதினோரு மாதக் கெடுவுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். மீதி வர வேண்டியது இந்த வீட்டை விற்றுத்தான்.

நல்ல வீடு. அதிலும் மாடிப்படி திரும்புகிற இடத்தில் ஓர் அகலமான ஜன்னல். அதன் கீழே ஆள் உட்காரும் அளவுக்கு மேடை கட்டியிருந்தார்கள். முதல் முறை வீடு காட்ட வேண்டிய நாளில் துடைக்க வர வேண்டிய அம்மாள் வரவில்லை. இவர் மனைவியே வாளியும் துணியுமாக ஸ்கூட்டரில் ஏறி வந்தார். துடைத்து முடித்ததும் ஈரக்கையோடு அந்த மேடையில் உட்கார்ந்தவர், பத்து நிமிடம் எழுந்திருக்கவில்லை. "இங்க உக்காந்தா தெரு முழுக்கத் தெரியுதுங்க" என்றார். அவ்வளவுதான். வீடு போய்ச் சேரும் வரை ஸ்கூட்டரின் பின்னாலிருந்து வேறு பேச்சே இல்லை.

அன்று பத்து மணிக்கு வந்த குடும்பத்துப் பெண்ணும் நேராகப் போய் அதே மேடையில்தான் உட்கார்ந்தார். குறை சொல்லும் நேரம் வந்தபோது, மாடிக் கைப்பிடி ஆடுகிறது என்று சொல்லத்தான் நினைத்திருந்தார். வாய் வேறு சொல்லிற்று. "பின்சுவரு மழைக்கு ஊறும்."

ஊறியது உண்மைதான், ஒரு காலத்தில். இரண்டு வருடத்துக்கு முன்பே நர்ஸம்மா அதை உடைத்துப் புதிதாகப் பூசிவிட்டார். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு அடுத்து வந்தவரிடமும் இவர் அதையேதான் சொன்னார், அவருக்கு அடுத்தவரிடமும். பத்து மாதத்தில் ஒன்பது பேர். யார் வந்து அந்த ஜன்னலடியில் உட்கார்ந்தாலும் இவருக்குப் பொறுக்கவில்லை. தன் சைடில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறோம் என்று தெரிந்தே போட்டுக்கொண்டார். சமையலறையில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மாவின் காதில் எதுவும் விழவில்லை. இவர் போட்ட சட்டம் அதற்கும் உதவியது. ஏன் யாருக்குமே பிடிக்கவில்லை என்று நர்ஸம்மா கேட்கும்போதெல்லாம், நேரம் வர வேண்டும் என்று சொல்லிச் சமாளிப்பார்.

நர்ஸம்மாவின் கெடு முடியப் பதினோரு நாள் இருக்கும்போது சகலையிடமிருந்து போன் வந்தது. நர்ஸம்மா வீட்டுக்கு ஒரு பார்ட்டி இருக்கிறது, ஞாயிறு காலை கூட்டி வருகிறேன், விற்கிற சைடு உங்களுடையது, வாங்குகிற சைடு என்னுடையது என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார் இவர்.

ஞாயிறன்று வழக்கம்போல் ஒன்பதரைக்குப் போய்க் குழாய்களைத் திறந்துவிட்டார். படித் திருப்பத்தில் பல்பு எரியவில்லை, தன் பல்பை மாட்டினார். நர்ஸம்மாவைச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் திரையை இழுத்துவிட்டார். பத்து மணிக்கு வெள்ளைக் கார் வந்து நின்றது. சகலை இறங்கினார், மச்சினி இறங்கினார். கார்க் கதவைச் சாத்திவிட்டார்கள், உள்ளே வேறு யாருமில்லை.

"பார்ட்டி எங்க?" என்று கேட்டார் இவர்.

"நாங்கதான் சகல" என்றார் சகலை, வாயெல்லாம் பல்லாக. "உங்க சைடை முழுசா வாங்கிக்குங்க. என் சைடுக்கு யார்கிட்ட போய்க் கேக்கறது, அவ தரமாட்டா."

இவர் முகத்தில் ஈயாடவில்லை. எதையெதையோ காட்டினார், எப்படிக் காட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தெருச் சத்தத்துக்கும் ஃபேனுக்கும் வைத்திருந்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று. படித் திருப்பத்தைத் தாண்டி மச்சினி வரவில்லை. அந்த மேடையில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, "அக்கா பார்த்தா இந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே மாட்டா" என்று மேலிருந்து சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். பத்தொன்பது வருட வாடகையும் ஒரே நேரத்தில் இவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

சகலை ஹாலில் உட்கார்ந்தார். "ஒத்தைக்குறையை இன்னும் சொல்லலையே" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பின்சுவரு ஊறும்னு ரெண்டு பார்ட்டி எங்கிட்ட சொன்னாங்க. இவளுக்கு மூச்சிரைப்பு, ஈரம் கொஞ்சமும் ஆகாது. நெஜம்னா சொல்லிடுங்க, இத்தோட விட்டுடறோம். வேற ஆளை வெச்செல்லாம் பார்க்கப் போறதில்ல, உங்க வார்த்தை போதும்."

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். கார் திரும்பிப் போய்விடும். மாமனார் வீட்டில் இந்த ஜன்னலைப் பற்றிப் பேச்சு நடக்காது. மனைவி தன் தங்கை வீட்டுக்கு வந்து அந்த மேடையில் விருந்தாளியாக உட்கார வேண்டியிருக்காது. அந்த ஆமாம் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. ஒன்பது முறை சொல்லிப் பழகிய நாக்கு.

அப்போதுதான் சமையலறைத் திரை அசைந்தது. திரைக்குக் கீழே, ரப்பர் செருப்புக்குள் அடங்காமல் வீங்கிய இரண்டு பாதங்கள். வந்திருப்பது இவருடைய சொந்தக்காரர்கள்தானே என்று நர்ஸம்மா எழுந்து வந்து திரைக்குப் பின்னால் நின்றிருந்தார். வெளியே வரவும் தயங்கி, திரும்பிப் போகவும் முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

"ஊறாது" என்றார் இவர். "ரெண்டு வருஷம் முன்னாடி ஊறுச்சு. அம்மா அப்பவே உடைச்சுப் பூசிட்டாங்க. நான்தான் வந்தவங்க எல்லார்கிட்டயும் ஊறும்னே சொல்லிட்டிருந்தேன்."

திரைக்குக் கீழே பாதங்கள் அப்படியே இருந்தன. சகலை தரையைப் பார்த்தார், பிறகு படித் திருப்பத்தைப் பார்த்தார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இவருக்குத் தோன்றியது.

"அப்ப இந்த வீட்டுக்குக் குறை?" என்றார் சகலை, மெதுவாக.

இவர் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார், ஏதாவது ஒன்று அகப்படாதா என்று. "ஒண்ணும் இல்ல" என்றார்.

பிறகு திரையை விலக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்காமல், அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, சகலைக்கு நேர் எதிரே, முழங்காலும் முழங்காலும் தொடுகிற தூரத்தில் போட்டுவிட்டு, வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.