எத்தனையாம் பிள்ளை?

எங்கள் பக்கத்தில் பிள்ளை பாடசாலையால் வந்ததும் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்றல்ல, எத்தனையாம் பிள்ளை என்றுதான். வகுப்பில் முதலாம் பிள்ளையா, பத்தாம் பிள்ளையா, கடைசிப் பிள்ளையா. பதில் சரியில்லை என்றால் அடி. பூவரசந்தடி, இடுப்புப்பட்டி, வயர், எது கைக்கு அகப்படுகிறதோ அது. நான் அக்கராயனில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சைப் புள்ளி கொடுத்த மறுநாள் பதினோராம் வகுப்புக்குள் போனால் பாதிப் பேர் ஒருக்களித்துத்தான் இருப்பார்கள்.

அந்தப் பயத்தைக் கொஞ்சம் தெளிவிக்கலாம் என்றுதான் இணைய வினாடி வினா விளையாட்டைக் கொண்டுவந்தேன். பாடசாலைக்குள் போன் கூடாது. ஆகவே சனிக்கிழமை பின்னேரங்களில் ஊர்ப் பொதுமண்டபத்தில் நடத்தினேன். சுவரில் கேள்வி விழும். வீட்டிலிருந்து கொண்டுவந்த போனில் விடையை அழுத்த வேண்டும். கடிகாரம் டிக்டிக்கென்று குறையும், முடிவில் பெயர்கள் வரிசையாக ஏறும். வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று பிள்ளைகள் கள்ளப்பெயரில் வந்தார்கள். முதலை, உழவு மெசின், கருவாடு. ஒருத்தி தனக்கு முசுறு என்று பெயர் வைத்தாள், கடிக்கிற சிவப்பெறும்பு. ஒளியின் தெறிப்பு விதிக்கு அவர்கள் கூரை அதிரக் கத்தியதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

மண்டபப் பூட்டின் திறப்பு ஊர்ச் சங்கத் தலைவரிடம் இருந்தது. அவருடைய மகனும் இந்த வகுப்புத்தான், உழவு மெசின் அவன்தான். புதுப் போன், மின்னல் விரல், ஒவ்வொரு கிழமையும் முதலிடம். தலைவர் கடைசி வரிசையில் கதிரை போட்டிருந்து, முடிவில் சுவரைப் படமெடுத்துப் பெற்றோர் குறூப்பில் போடத் தொடங்கினார். வேண்டாம் என்றேன்.

“ஏன் ரீச்சர்? ஊருக்குத் தெரியட்டுமன், பிள்ளையள் முன்னேறுகினம் எண்டு.”

தவணைக்கு ஒருமுறை விழுந்த அடி அதிலிருந்து கிழமைக்கு ஒருமுறை விழுந்தது. தகப்பன்மார் படத்தைப் பார்ப்பார்கள், பிள்ளையைக் கூப்பிட்டு நீ இதில் யார் என்று கேட்பார்கள், சொல்லும்வரை அடிப்பார்கள், சொன்னபிறகு இடத்துக்காக அடிப்பார்கள். அடியில்லாமல் படிப்பிக்கத்தானே நான் இதைத் தொடங்கினேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முசுறு எப்போதும் கடைசி. அவளுக்குத் தெரியாத விடை கிடையாது. அவளிடம் இருந்தது தகப்பன் கழித்துவிட்ட பழைய போன், கண்ணாடி வெடித்து ஒரு மூலை செத்துப்போனது. இரண்டு மூன்று தரம் குத்தினால்தான் ஏற்கும். அதற்குள் நேரம் முடிந்துவிடும். அந்த விளையாட்டில் வேகத்துக்குத்தான் புள்ளி.

ஒரு சனிக்கிழமை, கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே முசுறுவின் தகப்பன் உள்ளே வந்தார். மலையகத்தில் இனக்கலவரத்தில் அடிவாங்கி ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கையில் மோட்டார்சைக்கிள் கிளச் வயர். போன கிழமை மகளின் போனை எடுத்துப் பார்த்ததில் அவள் வைத்த பெயர் அதிலேயே கிடந்திருக்கிறது. முதல் அடி அவள் கழுத்தில் விழுந்தது, இரண்டாவது போன் பிடித்த கையில். தோல் வெடித்து இரத்தம் வந்தது. சுவரில் கடிகாரம் டிக்டிக்கென்று குறைந்துகொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முந்தும். அன்றைக்குக் கை முந்தியது. பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி அந்த மனுசனின் முழங்காலில் அடித்தேன். கதிரை பிளந்தது, அவர் நிலத்தில் குந்திவிட்டார். இன்றைக்கும் அதற்காக எனக்குத் துளி வருத்தமில்லை.

“குரூப்புல சிரிக்கிறானுங்க டீச்சர். அவங்க புள்ள முதலாவது, எம் புள்ள கடைசி. எப்பவும் நாங்கதான் கடைசியா?” என்றார் நிலத்தில் இருந்தபடியே.

“இதை அழுத்திப் பாருங்கோ,” என்று மகளின் போனை நீட்டினேன். தடித்த விரலால் குத்தினார். திரும்பவும் குத்தினார். திரையில் நேரம் முடிந்தது என்று வந்தது.

“வேல செய்யலயே.”

“ஓம். உங்கட பிள்ளைக்கும் அதுதான் நடந்தது.”

அவர் போனை வெறித்துப் பார்த்தார். இரக்கம் வரும் என்று நினைத்தேன். வந்தது வீம்பு. “அடுத்த வாரமும் கடைசின்னா படிப்பு போதும். கார்மென்ட் வேலைக்கு அனுப்பிருவேன்,” என்று நொண்டிக்கொண்டு போனார். ஓ எல் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளை அவள். தன் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, கேள்வியைப் பார்க்கத் திரும்பினாள்.

அடுத்த கிழமை நான் வேகப் புள்ளியை நிறுத்தி, நேரத்தையும் கூட்டினேன். விடை சரியென்றால் போதும், ஆறுதலாக, அவசரப்படாமல் அழுத்தலாம். முசுறு முதலாவதாக வந்தாள். கேள்வியை முழுக்க வாசிக்காமலே அழுத்திப் பழகிய உழவு மெசின் வரிசையின் அடிக்குப் போனான். தலைவர் அன்றைக்குப் படமெடுக்கவில்லை. வாசலில் நின்ற முசுறுவின் தகப்பன் எடுத்தார். குறூப்பில் போட்டு, கீழே பூக்களும் வைத்திருந்தார்.

திங்கட்கிழமை தலைவரின் மகன் வகுப்பில் இருக்க முடியாமல் சுவரோடு நின்றான். ஒரு காது வீங்கிக் கறுத்திருந்தது. கதிரையில் இரு என்று நான் சொல்லவில்லை. முசுறு பாடம் முழுக்க அவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கழுத்துக் காயம் அப்போதும் ஆறவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு தகப்பன்மாரும் நேரத்தோடே வந்து, ஒருவரை ஒருவர் பாராமல் கடைசி வரிசையில் இருந்தார்கள். முதல் கேள்வி விழுந்தது. டிக்டிக். ஒரு விரலும் அசையவில்லை. இரண்டாவது கேள்விக்கும் அப்படியே. எல்லாப் போனும் மடியில் கவிழ்ந்து கிடந்தது. நான் முசுறுவைப் பார்த்தேன். அவள் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்ந்திருந்தாள். கடைசியானால் அவளுக்குக் கார்மென்ட். அது அவளுக்குத் தெரியும்.

“விடையை அமத்தடா,” என்றார் தலைவர் பின்னாலிருந்து. மகன் திரும்பவில்லை.

நான் நிறுத்தவில்லை. எல்லாக் கேள்வியையும் ஓடவிட்டேன். முடிவில் வழமையான மேளச்சத்தத்தோடு பெயர்கள் சுவரில் ஏறின. முதலை, கருவாடு, உழவு மெசின், முசுறு. எல்லாருக்கும் நேரே சைபர்.

படமெடுக்கப் போனைத் தூக்கியிருந்த இரண்டு மனிதரும் அப்படியே நின்றார்கள். முசுறுவின் தகப்பன்தான் என்னிடம் கேட்டார், அடங்கிய குரலில்.

“இதுல யாரு டீச்சர் கடைசி?”