கோட்டுத் துணியில் ஒரு ஸ்லாக்

வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. துணிக்கு இருந்த ரேஷன் கட்டுப்பாடும் போயிருந்தது. ராயபுரம் மார்க்கெட் பக்கத்தில் பாயும் நானும் கூட்டாக ஒரு தையற்கடை வைத்திருந்தோம். அளவெடுத்து வெட்டுவது நான், தைப்பது பாய். அவர் வண்ணாரப்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை ‘மாமு’ என்றுதான் கூப்பிடுவார்.

ஆண்கள் அடுத்து என்ன உடுத்தப் போகிறார்கள் என்பதில் எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. இத்தனை வருஷம் துரைமாரைப் பார்த்துத் தைத்தாயிற்று. இனி யாரைப் பார்த்துத் தைப்பது?

“வெள்ளக்காரன் கப்பல் ஏறிட்டான், கோட்ட இங்கயே வுட்டுட்டுப் பூட்டான் மாமு. இனிமே ரிக்‌ஷாக்காரன்கூட கோட்டு போடுவான், பார்த்துகினே இரு” என்பார் பாய்.

“இந்த வெயில்ல யாரு பாய் போடுவான்? மொதல்ல டை போவும். அப்பால கோட்டு போவும். அப்பால சட்டைய உள்ள சொருவறது போவும். கடைசில பேண்ட்டே போயி, கைலி கட்டிகினு ஆபீஸுக்குப் போவப் போறான்.”

கைலி விஷயத்தில் நான் சொன்னது சுத்தமாகப் பலிக்கவில்லை. மற்றதைப் பற்றி எனக்கு ஓர் ஆதாரம் இருந்தது. அந்த வருஷம் பொங்கலுக்கு முன்னால், கப்பலில் வேலை பார்க்கும் ஓர் ஆள் கிழிந்த சட்டை ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தான். எந்த ஊரிலோ வாங்கியதாம். சட்டைக்கு, உள்ளே சொருகுகிற வால் இல்லை. அடிப்பாகம் நேராக வெட்டி மடித்திருந்தது. அரைக்கை, கழுத்துப் பொத்தான் கிடையாது, திறந்த காலர். பேண்ட்டுக்கு வெளியே விட்டுப் போட வேண்டிய சட்டை. அதைத்தான் நாங்கள் பிறகு ‘ஸ்லாக்’ என்றோம். அன்றைக்கு அப்படி ஒரு பேரே எங்கள் காதில் விழுந்திருக்கவில்லை. கிழிசலைத் தைப்பதற்கு முன் அதைப் பலகையில் விரித்து, பழைய பேப்பரில் அப்படியே வடிவம் எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கே ஒன்று தைத்துப் போட்டும் பார்த்தேன். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லை. “இன்னா நைனா, சட்டைய உள்ள வுட மறந்துட்டு வந்துட்டியா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். இரண்டு நாளில் கழற்றிவிட்டேன்.

அந்த ஆனி மாதம் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. மாப்பிள்ளைக்குத் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு குப்பம். வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் மட்டும் ஹார்பரில் மூட்டை தூக்கப் போய், இப்போது மூட்டை எண்ணும் வேலைக்கு மாறியிருந்தான். பெண் கொருக்குப்பேட்டை. அவளுக்குத் தகப்பனார் இல்லை, அண்ணன்தான் எல்லாம். ரயில்வே கூட்ஸ் யார்டில் வேலை செய்கிற, தோள் அகன்ற மனிதர். அவரே மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, சாம்பல் நிறத்தில் ஒரு சூட்டுத் துணியைப் பலகையில் வைத்தார். அந்தக் காலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு, பெண் வீட்டார் கொடுக்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு, திறந்த காரில் மாப்பிள்ளை ஊர்வலம் வர வேண்டும்.

“டைலரே, எங்க மாப்ள கார்ல குந்திகினு வரசொல்ல கொருக்குப்பேட்ட மொத்தமும் வாயப் பொளக்கணும். கண்ணாலத்துக்கு ரெண்டு நாளு முன்னாடி நானே வந்து பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை மட்டும் நின்றான். தோள், மார்பு, கை எல்லாம் எடுத்தேன். டேப்பை இடுப்புக்குக் கொண்டுபோனதும் சட்டென்று பின்னால் நகர்ந்தான். மறுபடி கொண்டுபோனேன், என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணாத்த, இடுப்ப நீங்களே ஒரு கணக்காப் போட்டுக்கங்கோ.”

“கணக்காப் போட்டா பேண்ட்டு நிக்காது தம்பி. இன்னா விஷயம்?”

பாய் மிஷினை நிறுத்தினார். அவன் தெருப் பக்கம் பார்த்தான். பிறகு திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைத் தூக்கிக் காட்டினான். இடுப்பைச் சுற்றித் தோல் பட்டை. அடிவயிற்றில், வலது தொடை சேரும் இடத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு மெத்தை துருத்திக்கொண்டு நின்றது.

“மூட்ட தூக்கித் தூக்கி கொடலு எறங்கிட்ச்சு. இது இல்லாம நிக்க முடியாது. ஆஸ்பத்திரில கத்தி வெக்கணும்னாங்கோ. கண்ணாலம் முடிஞ்சி வெச்சிக்கறேன்னு சொல்லிகீறேன்.”

“பொண்ணுக்குத் தெரியுமா?” என்றேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று அப்புறம் தோன்றியது.

“எங்க அக்காவ வுட்டு அதுக்குச் சொல்லிட்டேன். ‘அதுக்கு இன்னா, நான் இன்னா அவர மூட்ட தூக்கவா கட்டிக்கப் போறேன்’னுச்சாம். ஆனா மச்சானுக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாது. கார்ல குந்திகினு போவசொல்ல அல்லாரும் இங்கயே பாப்பாங்கோ. அத்த நெனச்சாதான் பேஜாரா கீது.”

டெலிவரிக்குக் காத்திருந்த வேறொருவருடைய கோட்டை எடுத்து அவனுக்கு மாட்டிப் பார்த்தோம். கோட்டுக்கு இடுப்பில் பிடிப்பு உண்டு. கடைசிப் பொத்தானுக்குக் கீழே முன்பக்கம் வளைந்து இரண்டாகப் பிரியும். பிரிகிற இடத்துக்கு நேராக அந்த மெத்தை நின்றது. கோட்டே கை நீட்டி ‘இங்கே பார்’ என்று காட்டியதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ரெண்டு மடிப்பா முன்னாடி மூடற மாரி தெய்யி மாமு” என்றார் பாய். துணியை அளந்தேன். அதற்குப் போதாது.

அவன் போன பிறகும் எனக்குக் கோட்டு வெட்ட மனம் வரவில்லை. இரண்டு நாள் துணி அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் கப்பல்காரன் சட்டையைப் பார்த்து எடுத்த அந்தப் பேப்பர் வடிவத்தைத் துணியின் மேல் வைத்தேன். நேரான அடிப்பாகம், தொடை சேரும் இடத்தைத் தாண்டி இறங்கும் நீளம், எங்கும் பிடிப்பில்லை, முன்பக்கம் கடைசிவரை மூடியிருக்கும். கல்யாணத்துக்குப் பொருந்த முழுக்கை வைத்து, மேலும் கீழும் நாலு ஜேப்பு. அதே துணியில் இடுப்புத் தளர்ந்த பேண்ட். பெல்ட்டுக்குப் பதில் நாடா. வெளியே விட்ட சட்டை எல்லாவற்றையும் மூடிவிடும்.

பாய் என் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தார். “கேக்காம வெட்டாத. அது கோட்டுக்குக் குட்த்த துணி. அந்த ஆளு யார்டுலேர்ந்து பத்து பேர இட்டுகினு வருவான்.”

“அவர கேட்டா ஏன்னு கேப்பாரு. ஏன்னு நான் எப்டி சொல்றது? அது அவன் சொல்ல வேண்டியது.”

குப்பத்துக்கு ஆள் அனுப்பி மாப்பிள்ளையை மட்டும் வரவழைத்துக் கேட்டேன். பேப்பர் வடிவத்தை அவன் மேல் பிடித்துக் காட்டியதும் ரொம்ப நேரம் கண்ணாடியைப் பார்த்தான். “வெட்டுங்கோ அண்ணாத்த. வர்றது வரட்டும்” என்றான். வெட்டினேன். ஒருமுறை கத்தரி போன துணியை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

இதற்குப் பொத்தான் காஜாகூடப் போடப் போவதில்லை என்று பாய் சொல்லிவிட்டார். மறுநாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, அதை மடியில் போட்டுக்கொண்டு காஜா போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, சொன்னபடி அண்ணன்காரர் வந்தார். தனியாகத்தான் வந்தார். ஆனால் கடை வாசலை அவர் ஒருத்தரே அடைத்துவிட்டார். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்து நின்றேன்.

“கோட்டு எங்க?”

மாட்டியிருந்ததைக் காட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தார். விளிம்பைத் தூக்கிப் பார்த்தார்.

“இது இன்னா?”

“சட்டதான், வெளில வுட்டுப் போடறது. இனிமே இதான் வரப் போவுது. வெளியூர்ல பெரிய பெரிய ஆளுங்கோ…”

“நான் கேட்டது கோட்டு. என் துணியில எவனக் கேட்டு கத்திரி வெச்ச?”

கோட்டின் காலம் முடிந்துவிட்டது, நம் ஊர் வெயில், சுதந்திரம் என்று என்னென்னவோ உளறினேன். அவர் ஒன்றையும் கேட்கவில்லை. பாய் பக்கம் திரும்பினார்.

“பாய், நீ பெரிய மனுசன். நீ சொல்லு.”

பாய் கைவிட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நான்தான் தச்சேன். அந்தப் புள்ளைக்கு இதான் சரியா கீது. கோட்டு நல்லால்ல. வேற எதுவும் எங்கள கேக்காதபா.”

அண்ணன்காரர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அத்தனை பெரிய உருவத்திலிருந்து வந்த குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

“இத்தப் போட்டா… அது தெரியாதா?”

“எது?”

“அதான்பா. பட்ட.”

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“துணி குட்த்தப்புறம்தான் தங்கச்சி எங்கம்மாகிட்ட சொல்லிச்சு, அம்மா எங்கிட்ட சொல்லிச்சு. கோட்டு வேணாம்னு சொல்லிரலாம்னு பாத்தேன். கோட்டு குடுக்காத வூடுன்னு ஊரு பேசும். அவனாண்ட கேக்கலாம்னா, மனசு நொந்துருவான். பத்து நாளா இதே நெனப்பு. கார்ல அத்தினி பேரு முன்னாடி அவன் தலகுனிஞ்சி குந்திகினு இருந்தா என் தங்கச்சிக்கு எப்டி இருக்கும்?”

“தெரியாது. மேலேர்ந்து கீழவரைக்கும் மூடிகினு கீது. குந்தினாலும் தூக்காது” என்றேன்.

“நெசமா?”

“நெசமா.”

இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பாய் சிரித்தார். அண்ணன்காரர் எழுந்து அந்த ஸ்டூலை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஊர்வலத்தன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு நாங்களும் போனோம். காஸ் லைட்டுகளை அப்போதுதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பேண்டு வாத்தியம் முன்னால், கார் பின்னால். மாப்பிள்ளை சாம்பல் நிற ஸ்லாக்கில், கழுத்தில் மாலையோடு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையைக் கொண்டுபோய் எதையும் மறைத்துக்கொள்ளவில்லை. தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தான்.

பெண் வீட்டுக் கிழவர் ஒருத்தர் சத்தமாகவே கேட்டார்: “இன்னாடா, மாப்ளைக்கு கோட்டு குடுக்கலயா?”

காருக்குப் பக்கத்தில் நடந்துவந்த அண்ணன்காரர் அதைவிடச் சத்தமாகச் சொன்னார்: “பெரிப்பா, கோட்டெல்லாம் பழசு. இது கப்பல்ல வர்றது. நம்ம பேட்டைலயே மொதல்ல எங்க மாப்ளதான் போட்டுகீறாரு. சோக்கா கீதா இல்லியா?”

கிழவர் காரின் பக்கம் குனிந்து பார்த்தார். அவர் பார்த்தது ஜேப்புகளைத்தான். “நாலு ஜேப்பு வெச்சிகீறானே” என்றார். “ரெண்டு போதாதா?” அவ்வளவுதான். கார் நகர்ந்துவிட்டது.

அடுத்த மாதமே கொருக்குப்பேட்டைப் பையன்கள் ஸ்லாக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். இரண்டு வருஷத்தில் ராயபுரத்தில் பாதிப் பேர் சட்டையை வெளியே விட்டிருந்தார்கள். நான் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆளுக்கு ஆள் வேறு வேறு காரணம் இருந்திருக்கும். ஒருவனுக்குத் தொந்தி, ஒருவனுக்கு வேர்வை, ஒருவனுக்குப் பேண்ட் இடுப்பில் கிழிசல். ஆண்களுக்கும் உடம்பு உண்டு, அதற்கும் கொஞ்சம் இடம் வேண்டும் என்று அதுவரை யாரும் தைத்ததில்லை. உடை எந்தப் பக்கம் போகும் என்று பிற்காலத்தில் யாராவது கேட்டால், உடம்பு எங்கே சிரமப்படுகிறது என்று பாருங்கள், அங்கேதான் துணி முதலில் தளரும் என்று சொல்வேன். அந்த மாப்பிள்ளை மறு வருஷம் ஆஸ்பத்திரியில் கத்தி வைத்துக்கொண்டு சௌக்கியமாகத் திரும்பினான் என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம் இதெல்லாம் எனக்குத் தெரியாது. கார் தெருமுனையில் திரும்பி, வாத்தியச் சத்தம் தேய்ந்தபோது, இத்தனை நாளுக்கும் சேர்த்து எனக்குப் பயங்கரமாகப் பசித்தது. பாயிடம் சொன்னேன். “எனக்கும்தான் மாமு” என்றார். பக்கத்துக் கடையில் பரோட்டா சூடாகப் போட்டுக்கொண்டிருந்தான். நான் ஐந்து சாப்பிட்டேன்.