மலைப்பக்கம் பார்த்து நில்லுங்கள்

உல்தாய் அக்கா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் ஊர் தாஸ்திபுலாக்குக்கு வந்து அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். பால் தேநீர் கொடுப்பாள். கூடவே இரண்டு வசவும் கொடுப்பாள். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மட்டும் சொல்லமாட்டாள்.

பேய் வருவதற்கு இருட்டு வேண்டும் என்பார்கள். நான் பார்த்தது பட்டப்பகலில். அது வந்ததே வெளிச்சமாகத்தான்.

என் பெயர் ரைஹான். ஓவியம் வரைகிறவள். எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம்தான் ரஷ்ய ராணுவம் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த வெளி. ஐம்பத்து மூன்றாம் வருடம் பெரிய குண்டு வெடிப்பதற்கு முன்னால் ஊரையே லாரிகளில் ஏற்றித் தூரமாகக் கொண்டுபோனார்கள். முப்பது பேரை மட்டும் ஏற்றவில்லை. ஆடு மாடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னார்களாம். அந்த முப்பதில் என் அப்பா ஒருவர். உல்தாய் அக்கா ஒருத்தி. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. நான் பிறந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. எனக்கு ஆறு வயதாகும்போது அப்பா இருமி இருமிச் செத்துப்போனார். ஒவ்வொருவராகப் போய், கடைசியில் மிஞ்சியவள் அக்கா மட்டும்தான்.

அந்த முப்பது பேரைத்தான் வரைந்தேன். பலருக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. அதனால் எல்லோரையும் முதுகுப்பக்கமாக வரைந்தேன். சரிவில் நிற்கிறார்கள். மலைக்கு மேலே வெளிச்சம் எழும்புகிறது. படத்தில் நம்மைப் பார்த்து நிற்பவன் ஒருவன்தான். அவர்களுக்குப் பின்னால், வெள்ளை அங்கியில், முகமூடி போட்ட ஒரு டாக்டர். "கண்ணு மட்டும்தான் தெரிஞ்சது. மூஞ்சியை யாரும் பார்க்கல," என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்த முகமூடியின் மடிப்புகளை வரையவே எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அதை நான் மறக்க வழியே இல்லை.

செமெய் நகரத்தில் ஒரு மாதம் காட்சிக்கு வைத்திருந்துவிட்டு, படத்தைத் திரும்ப எங்கள் ஊர் கிளப்புக்கே, கூட்டமும் நாடகமும் நடக்கும் மண்டபத்துக்கே, கொண்டுவந்தோம். மேடையின் பின்சுவர் முழுக்க அதுதான். தொண்ணூற்றைந்து பிப்ரவரியில் ஒரு நாள், மதிய பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். உயரம். நரைத்த தலை. நேராகக் கிளப்புக்குள் வந்தார்.

"ரைஹான்ங்கிறது நீங்கதானே? என் முகத்தை அழிச்சிடுங்க."

"யார் நீங்க?"

"வெனியமின் பாவ்லோவிச். டாக்டரா இருந்தேன், ராணுவத்துல. செமெய்ல உங்க படத்தைப் பார்த்துட்டு வந்து என் பேத்தி கேக்கறா, தாத்தா, அது நீங்கதானேன்னு."

"நான் வரைஞ்ச ஆளு முகமூடி போட்டிருக்கான். உங்க பேத்தி எப்படிக் கண்டுபிடிச்சா?"

அவர் என்னை முறைத்தார். "விளையாடறீங்களா? வாயோரத்து மச்சம் வரைக்கும் வரைஞ்சு வெச்சிட்டு."

அடுப்பில் கரி தள்ளிக்கொண்டிருந்த உல்தாய் அக்கா நிமிர்ந்தாள். கிளப்பைப் பார்த்துக்கொள்வது அவள்தான். வந்தவரை மேலும் கீழும் பார்த்தாள். கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அடேயப்பா! கடைசியில உங்களுக்கும் ஒரு மூஞ்சி இருக்கா டாக்டர்? முப்பது பேர் முதுகைக் காட்டி நிக்கிறோம். எங்கள்ல ஒருத்தரும் அழிக்கச் சொல்லி வரல. உங்களுக்குத்தான் மானம் போகுதாக்கும்!"

நான் மேடைத் திரையை இழுத்தேன்.

முகமூடி இல்லை.

கழற்றித் தாடைக்குக் கீழே தொங்கவிட்டதுபோல இருந்தது. அதற்கு மேலே இளவயது முகம். வாயோரத்தில் மச்சம். எதிரில் நிற்பவரின் அதே மச்சம்... செமெயில் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது. ஈரம். நான் அந்தப் படத்தை முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அக்கா, இங்க வந்து பாரேன்."

அவள் வந்து பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பனிக்காற்று கிளம்பியிருந்தது. எதிர்வீடு தெரியவில்லை.

"பஸ் கிளம்பிடும், ஓடுங்க," என்றாள் அவரிடம்.

"அழிக்காம போகமாட்டேன்."

"அப்ப இருங்க. கரி தீர்ந்துபோச்சு, நான் போய் எடுத்துட்டு வர்றேன்." வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ரைஹான், நான் வர்றதுக்குள்ள இவரை அடிச்சுக் கொன்னுடாதே. எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். நானும் அவரும் மட்டும்.

என் மேசையிலிருந்து வண்ணம் சுரண்டும் கத்தியை அவர் எடுத்தார். நான் தடுப்பதற்குள் மேடையில் ஏறிவிட்டார்.

"தொடாதீங்க!"

சரக்... சரக்... மச்சத்தைச் சுரண்டினார். வண்ணம் சுருள் சுருளாகக் கீழே விழுந்தது. அடியில் வெறும் துணிதான் தெரிய வேண்டும். தெரிந்தது இன்னொரு வாய். அதே மச்சம். அவர் மறுபடி சுரண்டினார். அதற்கு அடியிலும் அதே முகம். அவருக்கு மூச்சு வாங்கியது. கை நிற்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சுவரின் மேலே பழைய ஒலிபெருக்கி ஒன்று உண்டு. கூட்டுப்பண்ணை இருந்த காலத்தில் மாட்டியது. கம்பியை எப்போதோ அறுத்துவிட்டார்கள். அது கரகரத்தது. பிறகு ஓர் இளைஞனின் குரல், ரஷ்ய மொழியில், நிதானமாக...

"தோழர்களே. வீட்டை விட்டு வெளிய வாங்க. மலைப்பக்கம் பார்த்து நில்லுங்க. யாரும் குனியக் கூடாது."

அவர் கையிலிருந்து கத்தி விழுந்தது.

"அது..." என்றார். "அது என் குரல்."

"குனியக் கூடாதுன்னு நீங்களா சொன்னீங்க?"

"சொல்லச் சொன்னாங்க. நின்னா எவ்வளவு படும், படுத்தா எவ்வளவு படும்னு... அளக்கணும்னு..."



ஜன்னல் வெளுத்தது.

பனியின் வெளுப்பு இல்லை அது. ஜன்னலில் தொடங்கி, சுவர், தரை, நாற்காலிகள்... எதற்கும் நிழல் இல்லை. வெப்பமும் இல்லை. சத்தமும் இல்லை.

அவர் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார்.

கைக்குள் எலும்புகள் தெரிந்தன. ஒவ்வொரு விரலும். ஒவ்வொரு கணுவும்.

நான் என் கையைப் பார்த்தேன். கை கையாகவே இருந்தது. அந்த வெளிச்சம் என்மேல் விழவில்லை.

கம்பளி கருகும் வாடை.

எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டியதும் இல்லை. அந்த இருமலை எனக்குத் தெரியும். ஆறு வயதுவரை அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினேன்.

"ரைஹான்." காதுக்குப் பக்கத்தில். "வெளிய போ, கண்ணு. உனக்கு இங்க வேலையில்ல."

தோளில் ஒரு கை. சில்லென்று.

போனேன்.

கதவு தானாகத் திறந்தது. தானாகச் சாத்திக்கொண்டது. வெளியே சாம்பல் நிறக் காற்று, பனி, வழக்கமான மதியம். ஜன்னலில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. உள்ளே மட்டும்...

இருமல்.

ஒன்றில்லை. பல.

நடுவில் அவர் குரல். "குனிஞ்சுக்கறேன்... கொஞ்சம்... குனிய விடுங்க..."



உல்தாய் அக்கா கரிச் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். "ஏண்டி வெளிய நிக்கற? அவரு எங்கே?"

"உள்ளே."

என் முகத்தைப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் கதவைத் தள்ளினாள். உடனே திறந்தது.

அவர் மேடைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார். மலை இருக்கும் திசையைப் பார்த்து. நிமிர்ந்த தாடை. இறுகிய கைகள். பனி கொட்டும் அந்த நாளில், ஆகஸ்ட் வெயிலில் நாளெல்லாம் நின்றவரைப்போல முகம் சிவந்து கன்றியிருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து அமுக்கியும் அவரை உட்காரவைக்க முடியவில்லை.

படத்தில் முப்பது முதுகுகளும் அப்படியே இருந்தன. டாக்டர் நின்ற இடத்தில் மட்டும் வெறும் துணி. தலையிலிருந்து பாதம்வரை. அவர் சுரண்டியதோ முகத்தை மட்டும்.

மறுநாள் காற்று ஓய்ந்ததும் அவரை டிராக்டரில் ஏற்றிச் செமெய்க்கு அனுப்பினோம். சில நாள் கழித்து நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாவப்பட்டுப் போகவில்லை. தெரிந்தாக வேண்டும் என்று போனேன். அவர் தலையணை முழுக்க உதிர்ந்த முடி. ஈறுகளில் ரத்தம். அவரைப் பார்த்துக்கொண்ட இளம் டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

"இவர் எங்க போயிருந்தார்?"

"எங்க ஊருக்கு. ஏன்?"

"இது கதிர்வீச்சுல வர்ற நோய். குண்டு வெடிக்கிறப்ப திறந்த வெளியில நின்னவங்களுக்கு வர்றது."

"அவர் அந்தக் காலத்துல ராணுவத்துல..."

"இல்லம்மா. பழசு இல்ல. இந்த மாசம் பட்டிருக்கு."

கடைசியாக வானத்தில் குண்டு வெடித்தபோது நான் பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கவில்லை. கருவிகளோடு ஆட்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். கிளப்பின் தரை, சுவர், படம், நான், அக்கா, எல்லாவற்றையும் அளந்தார்கள். ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் கிளம்பும்போது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒன்று சொன்னாள். தினமும் காலையில் அவர் கையை நீட்டுகிறாராம், எதிரில் யாரும் இல்லாமலே. ஒவ்வொரு விரலாக. முகம் சுளிக்கிறாராம். பிறகு பார்த்தால் விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள். புதிதாக. "நாங்க விரல்ல குத்தறதே இல்ல. ரத்தம் கை நரம்புலதான் எடுக்கறோம்," என்றாள். "மாத்திரை குடுங்க, ஏதாவது மருந்து குடுங்கன்னு அவங்ககிட்ட கெஞ்சறாரு. யார்கிட்டன்னு தெரியல."

ஊருக்கு வந்து உல்தாய் அக்காவிடம் சொன்னேன். அவள் இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தாள்.

"குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் மாசாமாசம் வந்தாங்க. வருஷக்கணக்கா. ஒவ்வொரு விரலா குத்தி ரத்தம் எடுப்பாங்க. மருந்து குடுங்கன்னு உன் அப்பன் அவங்க கால்ல விழுந்தான். பார்ப்பாங்க. எழுதிப்பாங்க. போயிடுவாங்க. ஒரு மாத்திரை குடுக்கல."

இதை அவள் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. என்னிடமும்தான்.

ஆஸ்பத்திரியில் வெனியமின் பாவ்லோவிச்சுக்கு ஒரு வாரம் கெடு வைத்தார்கள். அது முடிந்து நான்கு வருடம் ஆகிறது. உடம்பில் ரத்தம் ஊறுவதே இல்லை, எப்படி இருக்கிறார் என்று புரியவில்லை என்கிறார்கள்.

அவர் இன்னும் சாகவில்லை.