திறக்காத சந்தைக்கு மேல்மாடி

பேச்சியம்மாவைக் கட்சிக்காரர் பிரதேச சபைக்குக் கொண்டுவந்தது வாய் திறக்கவோ? பட்டியலில ஒரு பொம்பிளையின்ர பேர் குறைஞ்சுது, அவ்வளவுதான். "கை தூக்கினாக் காணும் அக்கா" எண்டுதான் தவிசாளர் யோகநாதன் வீடு தேடிவந்து சொன்னவர். எழுபத்தேழுக் கலவரத்தில தேயிலைத் தோட்டத்தில அடிவாங்கி, தகப்பன்ர தோளில வன்னிக்கு வந்த பிள்ளை, சொன்னதைச் செய்துகொண்டு கிடக்கும் எண்டு அந்த மனுசனுக்கு ஒரு நினைப்பு. நல்ல நினைப்புத்தான்.

மல்லாவிக்கு அங்கால, வாய்க்காலுக்கு மற்றப் பக்கம் அவாவின்ர குடியிருப்பு. போன மாரியில வாய்க்காலைக் கடக்கிற மதகு உடைஞ்சு போச்சு. மழை துவங்கினால் நாற்பது வீட்டுப் பிள்ளையளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. வருத்தக்காரரை ஆசுப்பத்திரிக்குக் கதிரையில வைச்சு, இடுப்பளவு தண்ணிக்குள்ளால தூக்கிக்கொண்டு வரவேணும். அடுத்த மாரிக்கு ரெண்டே மாசம். சபையில மூண்டு தரம் கேட்டுப் பாத்தா. காசில்லை எண்டிச்சினம்.

காசு இருந்தது. சந்தைக் கட்டடத்துக்கு மேல்மாடி கட்ட இருந்தது. கீழ்த்தளம் கட்டி அஞ்சு வருசம், ஒரு கத்தரிக்காய்கூட அங்க வித்ததில்லை. வியாபாரம் முழுக்க றோட்டோரத்தில.

அந்தச் சபையில கூட்ட அறிக்கையை முதல் நாளே எழுதி வைக்கிறது பழக்கம். அண்டைக்கு வரவுக் கையெழுத்துப் புத்தகம் சுத்தி வரேக்க, அந்தத் தாளும் தவறி உள்ளுக்க கிடந்தது. கையெழுத்து வைக்கப்போன பேச்சியம்மா வாசிச்சா. மேல்மாடி வேலையைச் சபை ஏகமனதாக அங்கீகரித்ததாம். நேரம் ஒன்பதே முக்கால். கூட்டம் பத்து மணிக்கு.

அவா எழும்பினா. தாளைத் தூக்கிக் காட்டினா. "செயலாளர் ஐயா, நான் இன்னும் கை தூக்கேல்ல. ஆரின்ர கையை எண்ணினீங்கள்?"

செயலாளர் பேனையை மூடித் திறந்துகொண்டிருந்தார். யோகநாதன் சிரிச்சுச் சமாளிக்கப் பாத்தார். "அது வழமை அக்கா. இருங்கோ, தேத்தண்ணி வருது."

"தேத்தண்ணிக்கு நான் வரேல்ல. எங்கட குளத்தில தண்ணி திறக்கிறதெண்டாலும் எல்லாரும் குளக்கட்டில போய் நிண்டு பாத்துத்தான் முடிவெடுக்கிறனாங்கள். வாங்கோ, கட்டடத்தைப் பாப்பம். பிறகு கை தூக்குங்கோ."

எதிர்க்கட்சிச் சுதாஜினி ஆமோதிச்சா. சந்தை கூப்பிடு தூரம், மாட்டன் எண்டு சொல்ல ஒருத்தருக்கும் முகமில்லை. போச்சினம். இரும்புக் கதவு கறள்பிடிச்சு இறுகிக் கிடந்தது. நாலு உறுப்பினர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு இழுத்தும் அசையேல்ல. வெங்காயம் விக்கிற சனம் யாவாரத்தை விட்டிட்டு வேடிக்கை பாத்துது. அந்தச் சனத்துக்கு முன்னால, அந்த வெயிலுக்கதான் வாக்கெடுப்பு. மாடிக்கு ஏழு, மதகுக்கு எட்டு. அவாவோட சேர்ந்து, அவாவின்ர கட்சிக்காரரிலயே வேற மூண்டு பேர் மதகுக்குக் கை தூக்கிச்சினம்.

கட்சி சும்மா விடுமே? அந்த மூண்டு பேரும் வட்டாரத்தில சனத்தின்ர வாக்கால வெண்டு வந்த ஆக்கள், அவை தப்பீட்டினம். பேச்சியம்மா கட்சி போட்ட பட்டியலில வந்தவா. அடுத்த மாசம், அவாவை நீக்கின கடிதத்தோட யோகநாதன் நேரில வந்தார். மதகுக்குக் கொங்கிறீற் போடுற நேரம். அவா சேலையை ஏத்திச் செருகிக்கொண்டு கலவை நிரப்பின தாச்சியைச் சுமந்தா.

"பதவி போச்சு அக்கா. தேவையில்லாத வேலை பாத்தீங்கள்."

"ஓம், போச்சு" எண்டா பேச்சியம்மா. "கடிதத்தை அங்கால வைச்சிட்டு வழியை விடுங்கோ. கொங்கிறீற் இறுகமுதல் இதைக் கொட்டவேணும்."