இட்சுயோ தட்டிப் பார்த்த மூன்றாவது படகு

இட்சுயோ படகு வாங்கப் போகிறேன் என்றதும், இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று துறைமுகம் முழுக்கச் சொன்னேன். அவள் முகத்துக்கு நேரேயும் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து தோழிகள் நாங்கள். எனக்கு அந்த உரிமை உண்டு. ஜப்பானின் மேற்கு ஓரத்தில் எங்கள் கோத்தோ தீவில் இருபத்தெட்டு வருடம் கருவாட்டு ஆலையில் மீன் பிளந்தாள். ஆலையை இழுத்து மூடிவிட்டார்கள். ஒசாகாவில் இருக்கும் தங்கை அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை பார்த்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். நல்ல படகு அமைந்தால் அப்பாவைப் போல இட்சுயோவும் தூண்டில் போட்டு ஊரிலேயே பிழைத்துக்கொள்வாள். இல்லையென்றால் கப்பலேற வேண்டியதுதான்.

முதலில் பார்த்த படகு புதுச் சாயத்தில் பளபளத்தது. "மாப்பிள்ளை இவ்வளவு பவுடர் பூசிக்கிட்டு வந்தா மூஞ்சியக் கழுவிட்டு வரச் சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே நகத்தால் சுரண்டினாள். சாயத்துக்கு அடியில் முழங்கை நீளத்துக்கு ஒட்டுப்போட்ட விரிசல். இரண்டாவது படகில் இயந்திரம் மாட்டும் பின்பலகையை அழுத்தியதும் தண்ணீர் கசிந்தது. மூன்றாவது, குரமித்சு பெரியவருடையது. சனிக்கிழமை காலை போனோம்.

பெரியவருக்கு எண்பத்தொரு வயது. படகைக் கரையில் ஏற்றி வைத்து, பக்கத்தில் நின்றிருந்தார். பழைய சாயம் பழையபடியே இருந்தது, அதுவே எனக்குப் பிடித்தது. இட்சுயோ ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டில் எங்கேயாவது புடைத்திருக்கிறதா என்று பார்த்தாள். முனையில் மெல்லிய விரிசல்கள் ஓடின. மேல்பூச்சோடு சரி, உள்ளே இறங்கவில்லை என்றாள். அப்புறம் மல்லாந்து படுத்து, திருப்புளியின் மரப்பிடியால் அடிப்பாகத்தைச் சாண் சாணாகத் தட்ட ஆரம்பித்தாள். டொக், டொக். நான் ஒரு குடுவைத் தேநீரைத் தனியாகவே குடித்து முடித்தேன். சுக்கான் அறைக்கு நேர் கீழே வந்தபோது சத்தம் மாறியது. பொத்.

மறுபடி தட்டினாள். பொத். சாக்பீஸால் வட்டம் போட்டாள், சாப்பாட்டுத் தட்டு அகலம் வந்தது. அந்த இடம் ஊறிப்போயிருக்கிறது, ஆனால் வெளியே கீறலோ நசுங்கலோ ஒன்றுமில்லை. அப்படியானால் தண்ணீர் உள்ளேயிருந்துதான் இறங்கியிருக்கிறது என்றாள். அவள் முகம் விழுந்துபோயிருந்தது.

உள்ளே ஏறித் தரைப்பலகையைத் தூக்கினோம். ஃபைபர் போர்த்திய நீளக் கட்டை ஒன்று படகின் முதுகெலும்பாக ஓடியது. அதன் நடுவில் வட்டமாக ஒரு அடைப்பு, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. பெரியவர் குறுக்கே கை நீட்டினார்.

"அதத் தொடாதம்மா. உள்ள என் வீட்டுக்காரி முடி இருக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. மரப்படகு என்றால் கட்டுகிற ஆசாரியே குழி தோண்டி, தானியமும் தாயக்கட்டையும் படகுக்காரர் மனைவியின் முடியும் வைத்துப் படகுக்கு அம்மனைக் குடியேற்றி மூடிவிடுவார். அதற்குப் பிறகு அதை யாரும் திறப்பதில்லை. இந்த ஃபைபர் படகு தொழிற்சாலையிலிருந்து அம்மன் இல்லாமலே வந்தது. அம்மன் இல்லாத படகில் கடலுக்கு அனுப்பமாட்டேன் என்று மனைவி வழியை மறித்தாளாம், பெரியவரே சொன்னார். அதனால் இவரே கட்டையில் துளை போட்டு எல்லாம் வைத்து மூடியிருக்கிறார். மரமென்றால் ஊறி, உப்பி, தானே மூடிக்கொள்ளும். ஃபைபருக்குள் போன தண்ணீர் எங்கே போகும்? இருபத்து மூன்று வருடமாகக் கட்டை குடித்துக்கொண்டிருந்தது. மனைவி இறந்து ஆறு வருடமாகிறது.

வாடி, வீட்டுக்குப் போகலாம் என்று இட்சுயோவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகரவில்லை.

"பெரியவரே, எவ்வளவு தூரம் உளுத்திருக்குன்னு பாக்காம என்னால வாங்க முடியாது. முழுக் கட்டையும் போயிருந்தா நடுக்கடல்ல முதுகு ஒடிஞ்சிரும். திறக்க வேணாம்னா சொல்லுங்க, நான் கோவிச்சுக்கமாட்டேன்."

பெரியவர் படகுத்துறையின் கோடிவரை நடந்து போனார். அங்கே இருந்த தன் கருவிப் பெட்டியைக் கிளறினார். திரும்பி வந்தபோது கையில் உளி இருந்தது. இட்சுயோ கை நீட்டியும் கொடுக்கவில்லை. கட்டைக்கு முன்னால் தலை வணங்கிவிட்டுத் தானே தோண்டினார். கறுப்புத் தண்ணீரும் இரண்டு தாயக்கட்டைகளும் வந்தன. பிறகு, சிவப்பு நூலில் கட்டிய முடிக்கற்றை. அது மட்டும் கெடவேயில்லை. துண்டில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

இட்சுயோ திருப்புளியால் குத்தினாள். தோஃபுக் கட்டியில் இறங்குவதுபோல மெத்தென்று இறங்கியது. முன்னால் ஒரு சாண் தள்ளிக் குத்தினாள், இறங்கவில்லை. பின்னால் ஒரு சாண், அங்கேயும் இறங்கவில்லை. சின்னத் துளையிட்டுப் பார்த்தாள், உலர்ந்த வெள்ளைத் தூள் உதிர்ந்தது, மீதிக் கட்டை நன்றாகவே இருந்தது. அவள் அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அழுகை வந்தது, வெட்கமாகத்தான் இருந்தது.

"கெட்டத வெட்டிட்டுப் புதுக் கட்ட வச்சுப் பூசிட்டா பத்து நாள்ல கடல்ல இறக்கிரலாம். அம்மனையும் வைப்போம், இந்தத் தடவ ரெசின் பசைய ஊத்தி ஒழுங்கா மூடி" என்றாள் இட்சுயோ.

"யார் முடிய வைப்ப?" என்றார் பெரியவர்.

அவள் தன் தலைத்துணியை அவிழ்த்தாள். பெரியவர் வேண்டாமென்று தலையாட்டினார்.

"நீ கடலுக்குப் போறவ. கரையில நின்னு, இன்னும் காணோமேன்னு தவிக்கிறவ முடிதான் வைக்கணும்."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் திட்டிக்கொண்டே கொண்டையை அவிழ்த்து அவளிடம் தலையை நீட்டினேன்.