அம்மன் சேலைக்கு ஒரு மானிட்டர்

போன வருஷத் திருவிழாப் பேனரில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கத்தரிக்காய் நிறச் சேலையில் வந்தாள். காரணம் நான். கம்ப்யூட்டரில் பேனர் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். என் வீட்டுத் திரையில் அந்தச் சேலை நல்ல குங்குமச் சிவப்பாகத்தான் இருந்தது. திரை என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது மாமனார் வீட்டில் வேண்டாமென்று கழித்த பழைய டிவி.

"என்ன தம்பி, ஆத்தா நம்ம மேல கோவிச்சுக்கிட்டு வேற தோட்டத்துக்குப் போயிட்டாளா?" என்று பேனரைப் பார்த்துக் கேட்டார் கோயில் தலைவர். இந்த வருஷம் கூப்பிட்டு, "இன்னொரு தடவ ஒங்களுக்கே குடுக்குறோம். இதுவும் தப்புனா டவுன் கடைக்குப் போயிரும், வருத்தப்படக் கூடாது" என்றார். கோயில் பேனர் போனால் கல்யாணப் பேனரும் சடங்குப் பேனரும் அதன் பின்னாலேயே போய்விடும். மானிட்டர் வாங்கியே ஆக வேண்டும்.

வீட்டில் எதிர்க்கட்சியும் உண்டு. என் மனைவி தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பகலில் பிள்ளைகளுக்குக் கணக்கு, சாயங்காலம் கம்ப்யூட்டரில் துப்பாக்கிச் சண்டை. அந்தப் பழைய டிவியில் எதிரி கண்ணுக்குத் தெரிவதற்குள் இவள் செத்திருப்பாள்.

"எனக்கு வேகம் வேணும், ஒங்களுக்கு நெறம் வேணும். ஆனா ஒண்ணுதான் வாங்க முடியும்," என்றாள்.

"எங்கிட்ட விடு. நான் தொழில் தெரிஞ்சவன்," என்றேன்.

ஹட்டன் டவுனில் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் தொழில் தெரிந்தவனின் கால் ஒரு வளைந்த திரைக்கு முன்னால் நின்றுவிட்டது. முதுகில் சிவப்பு விளக்கு, நெற்றியில் தள்ளுபடிச் சீட்டு. நிறமென்றால் அப்படியொரு நிறம், கண் கூசியது. "இதுதான்," என்றேன். கடைக்காரர் பெட்டியை எடுக்கக் குனிந்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே." மனைவி கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். அதில் ஒரே ஒரு படம். எங்கள் வாசலுக்கு எதிரே இருக்கிற தேயிலை மலையை, கொழுந்து பறிக்க ஆள் இறங்குவதற்கு முன்னால், போனில் பிடித்தது. வளைந்த திரையில் மலை முழுக்க ஒரே கிளிப்பச்சை.

"இதுல கொழுந்து எங்கங்க?"

"எல்லாமே பச்சையா அழகாத்தானே இருக்கு?"

"கொழுந்தும் முத்தின எலையும் ஒரே பச்சையா இருந்தா கங்காணி நம்மள சும்மா விடுவாரா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். அவரும் டயகமப் பக்கம் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவராம். பிறகு என்னை மறந்துவிட்டு, இருக்கிற திரையில் எல்லாம் எங்கள் மலையை ஏற்றினார். சில திரைகளில் நேரே நின்றால் மலை; ஓரமாக நகர்ந்தால் மலைக்கு மஞ்சள் காமாலை. மௌஸை வேகமாகச் சுழற்றி, திரையில் அம்புக்குறி பின்னால் வால் விடுகிறதா என்றும் பார்த்தாள் என் மனைவி. நான் பென் டிரைவின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கிடைத்த பொறுப்பு அது.

மூலையில் விளக்கோ வளைவோ இல்லாமல், இருபத்துநாலு அங்குலத்தில் ஒன்று இருந்தது. நிறத்துக்கு ஐபிஎஸ் திரை, வேகத்துக்கு நூறு ஹெர்ட்ஸ். படத்தைப் போட்டதும் கரும்பச்சைக்கு மேலே இளமஞ்சளாகக் கொழுந்து தனியாக எழும்பி நின்றது. ஓரத்திலிருந்து பார்த்தாலும் அப்படியே. அம்புக்கும் வால் இல்லை. விலையும் வளைந்ததைவிடக் குறைவு.

"இதுல கூடைய மாட்டிக்கிட்டு எறங்கலாம்," என்றாள்.

நானும் தினமும் அந்த மலையைப் பார்த்துத்தான் பல் விளக்குகிறேன். அதை ஒரு திரைக்குப் பரீட்சை வைக்கும் வினாத்தாளாக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லையே! கல்யாணமான நாளிலிருந்து இவளைப் பார்த்து வாய் பிளப்பது எனக்குப் பழக்கம்தான். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிளந்துவிட்டேன்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் தட்டிப் பார்த்து, "டிவியாண்ணே?" என்றார்.

"இல்ல, மானிட்டர்."

"பாட்டு கேக்குமா?"

"கேக்காது."

"அப்ப அண்ணிகிட்ட கேட்டுட்டு வாங்கியிருக்கலாமே," என்றார். பக்கத்தில் அண்ணி ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் பேனரை இழுத்துக் கட்டினோம். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். கோயிலுக்குள் அம்மன் கட்டியிருந்த அதே குங்குமச் சிவப்பு.

"ஆத்தா திரும்பி வந்துட்டா," என்றார். "அடுத்த வருஷமும் ஒங்களுக்குத்தான் தம்பி."

நான் நெஞ்சை நிமிர்த்தி, "புது மானிட்டருங்க," என்றேன்.

"யாரு பாத்து எடுத்தது?"

"டீச்சர்."

"அதானே பாத்தேன்," என்று சொல்லிவிட்டு, தலைவர் தேருக்குப் பூக் கட்டுகிற பக்கம் போனார்.